வெப்பமானி கூறுவது யாருடைய வெப்பம்?

அளத்தலே விஞ்ஞானத்தின் தொடக்கம் என்று நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தனர். அது முற்றிலும் உண்மை. ஆயின், அளந்து பெற்ற எண்ணைக் குறிப்பேட்டில் எழுதியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வெப்பமானி 32 பாகை செல்சியசு என்று காட்டினால், 32 என்று எழுதுகிறோம். அந்த 32 எதனுடைய வெப்பநிலை என்று எவரும் கேட்பதில்லை. சுற்றியுள்ள காற்றினுடையதா? எதிரேயுள்ள சுவரினுடையதா? அன்றி, அந்த வெப்பமானியினுடையது மாத்திரமா? நம் பாடசாலைகளில் வெப்பநிலையை வாசிக்கக் கற்பிக்கின்றோம். வாசித்ததை ஐயுறக் கற்பிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு. நுண்ணிய குழாய்களிலே ஓடும் வாயுவின் வெப்பநிலையை அளக்கும் இக்காலத்து முயற்சி இக்குறையை நன்கு விளக்கிக் காட்டுகின்றது. அம்முயற்சி நமக்குத் தொலைவானதன்று. தேயிலை மலைகளில் வாழும் நாம் நாள்தோறும் காணும் பொருள்களிலிருந்தே அதனை விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் நம் இறம்பொடை நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 109 மீற்றர். உயரத்திலிருந்து விழும் நீர் அடியிலே மோதி அடங்கும்போது அதன் இயக்கசக்தி வெப்பமாக மாறும் என்பதை நிலைநாட்டியவர் ஆங்கில விஞ்ஞானி ஜூல். 1847ஆம் ஆண்டில், மணம் முடித்த புதிதில், அல்ப்சு மலைப்புறத்திலே நீர்வீழ்ச்சியொன்றின் வெப்பநிலையை அளக்க அவர் நீண்ட வெப்பமானியுடன் சென்றதைத் தாம் கண்டதாகக் கெல்வின் பிற்காலத்தில் எழுதினார். ஜூலின் கணக்கை நம் அருவிக்குச் செய்து பார்த்தால், 109 மீற்றர் வீழ்ச்சி நீரின் வெப்பநிலையை ஏறத்தாழக் கால் பாகை செல்சியசு உயர்த்தவேண்டும். கணக்கு எளிது, உயர்தர வகுப்பு மாணவன் இரண்டு வரிகளில் முடிப்பான்.

ஆனால் நல்ல வெப்பமானியொன்றை அருவியின் தலையிலும் அடியிலும் அமிழ்த்திப் பார்த்தால் அந்தக் கால் பாகை கிடைக்குமா? கிடைக்கும் என்று உறுதி கூறவியலாது. நீர் தூவானமாகச் சிதறும்போது அதன் ஒரு பகுதி ஆவியாகின்றது; ஆவியாதல் நீரைக் குளிர்விக்கும். வீழும் நீர் வழியிலுள்ள காற்றோடு வெப்பத்தைக் கொடுத்து வாங்கும், பாறையோடும் அவ்வாறே. கால் பாகை என்னும் உண்மை இத்தனை இடையீடுகளுக்குள் மறைந்து கிடக்கின்றது. கணக்குப் பிழையன்று, கருவியும் பிழையன்று. எதனை அளக்கிறோம் என்ற கேள்விக்கு விடை காணாமல் அளந்ததே குறை.

இனி, அருவியிலிருந்து தொழிற்சாலைக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்ட காலந்தொட்டு, இம்மலைநாட்டின் தேயிலைத் தொழில் என்பது ஒருவகையில் காற்றையும் வெப்பத்தையும் ஆளும் தொழிலேயாகும். பறித்த கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். வாட்டும் தொட்டிகளில் பரப்பிய கொழுந்தினூடே காற்றைச் செலுத்தி அந்நீரிற் பெரும் பகுதியைப் பல மணி நேரத்தில் மெல்ல அகற்றுகின்றார்கள். காற்றுக்கு எவ்வளவு நீரை வாங்கும் வலிமையுண்டு என்பதை அறிவதற்கு உலர்குமிழ், ஈரக்குமிழ் என இரு வெப்பமானிகள் அருகருகே தொங்குகின்றன. ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும்; மற்றொன்றின் குமிழை நனைந்த துணி போர்த்தியிருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாவதால் ஈரக்குமிழ் குளிர்ந்து குறைந்த வெப்பநிலையைக் காட்டும். இரண்டுக்குமுள்ள வேற்றுமை பெரிதாயின் காற்று உலர்ந்தது. சிறிதாயின் காற்று ஈரமானது.

இவ்வெளிய கருவியிலும் எத்துணைப் பொய் புகக்கூடும் என்பதைக் கவனியுங்கள். துணி அழுக்கேறினாலும், நீர் வற்றிக் காய்ந்தாலும், குமிழின்மேற் போதிய காற்றோட்டம் இல்லாவிடினும் ஈரக்குமிழ் வேண்டிய அளவு குளிராது. வேற்றுமை உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும். பார்ப்பவர், காற்று ஈரமாக இருக்கிறது என்று கருதித் தேவையில்லாத வெப்பக் காற்றைத் தொட்டிக்குள் விடுவார். விறகு வீணாகும், கொழுந்தும் சூடேறித் தன் குணத்தை இழக்கும். துண்டுத் துணியொன்று அழுக்கடைந்ததன் விலையை அந்நாளின் தேயிலை முழுவதும் செலுத்துகின்றது.

உலர்த்தும் இயந்திரத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகின்றது. உட்செல்லும் காற்று ஏறத்தாழ 90 முதல் 95 பாகை. வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை. இருபது நிமிடமளவில் தேயிலையின் ஈரம் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு இறங்கவேண்டும். தட்டுகள் சங்கிலியில் நகரும் பழைய வகை இயந்திரத்திலே ஈரத் தேயிலை மேலே நுழையும். வெப்பக் காற்றுக் கீழே நுழையும். ஆகவே, நுழைவாயிலின் வெப்பமானி ஏறக்குறைய உலர்ந்து முடிந்த தேயிலை சந்திக்கும் காற்றைப் பற்றிச் சொல்கின்றது. வெளிவாயிலின் வெப்பமானி அப்போதுதான் உள்ளே வந்த ஈரத் தேயிலையைத் தாண்டிய காற்றைப் பற்றிச் சொல்கின்றது. இரண்டுமே தேயிலையின் வெப்பநிலையைச் சொல்லவில்லை. ஈரம் நிறைந்திருக்கும் வரை தேயிலை தானே ஓர் ஈரக்குமிழாக நின்று, தன்னைச் சூழ்ந்த காற்றைவிட மிகக் குளிர்ந்திருக்கும். ஈரம் வற்றிய பின்னரே காற்றின் வெப்பத்தை நெருங்கும். இதனை அறியாதவர் இரண்டு எண்களை மாத்திரம் காவல் காப்பார். அறிந்தவர் அவ்விரண்டுக்கும் இடையே நடப்பதை மனக்கண்ணாற் காண்பார்.

இதுவரை கூறியவை பெரிய அளவிலே நிகழ்பவை. இப்போது தேயிலைக் கொழுந்தின் அடிப்புறத்தை நுணுக்குக்காட்டியிற் பாருங்கள். அங்கே எண்ணற்ற இலைவாய்கள் உள்ளன. தேயிலைக்கு இவை அடிப்புறத்திலேயே அமைந்தவை. இவற்றின் துவாரம் சில மைக்குரோமீற்றர் அகலமே உடையது. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. உயிருள்ள செடியில் நீராவியும் காபனீரொட்சைட்டும் இவற்றினூடே போய்வருகின்றன. இயற்கை அமைத்த நுண்ணிய வாயுக் குழாய் என்று இதனைக் கூறலாம். இத்தகைய குழாயில் ஓடும் வாயுவின் வெப்பநிலையை அளப்பது எங்ஙனம்?

இங்கே வாயுவின் இயல்பைச் சிறிது நினைவுகூர வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் அறை வெப்பநிலையிலே செக்கனுக்குச் சராசரி 460 மீற்றர் வேகத்தில் ஓடி, செக்கனுக்கு ஏறத்தாழ எழுநூறு கோடி முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரம் கடல்மட்டத்திலே ஏறத்தாழ 0.07 மைக்குரோமீற்றர். மலைமேலே அமுக்கம் குறைவதால் இத்தூரம் சற்றுக் கூடும். நுவரெலியாவில் அது கடல்மட்டத்திலுள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிகையானது. வெப்பநிலை என்பது இம்மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற இயக்கத்தின் சராசரி அளவே. கோடானுகோடி மோதல்கள் நிகழும் இடத்திலே இச்சராசரி உறுதியானது. மோதல்கள் அரிதாகும் ஒடுங்கிய இடத்திலே அதன் நடத்தை மாறத் தொடங்குகின்றது.

இத்தூரத்தைக் குழாயின் அகலத்தால் வகுத்துப் பெறும் எண்ணுக்கு டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி மாட்டின் நூட்சனின் பெயரை இட்டுள்ளனர். நூட்சன் எண் நூறில் ஒன்றுக்கு மிகக் குறைந்திருக்கும் வரை வாயு நாம் பாடநூலிற் படித்தவாறு நடக்கும். நூறில் ஒன்றைத் தாண்டிப் பத்தில் ஒன்று வரையுள்ள எல்லையிலே, சுவரை ஒட்டிய வாயு சுவரோடு நிற்காமல் வழுக்கி ஓடும்; அதன் வெப்பநிலையும் சுவரின் வெப்பநிலையோடு ஒத்திராமல் வேறுபட்டு நிற்கும். பின்னையதை வெப்பநிலைத் தாவல் என்பர். மெலிந்த வாயுவின் வெப்பக் கடத்துகையை ஆராய்ந்து 1898இல் இதனைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தியவர் போலந்து நாட்டு மேதை சிமொலுசொவ்ஸ்கி. ஐந்து மைக்குரோமீற்றர் அகலமுள்ள இலைவாய்க்கு நூட்சன் எண்ணைக் கணித்தால் நூறில் ஒன்றைச் சற்றுத் தாண்டுகின்றது. நம் கொழுந்தின் வாயில்கள் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கின்றன.

இத்தகைய குழாய்க்குள் சாதாரண வெப்பமானியை நுழைப்பதென்பது கிண்ணத்து நீரை அளக்க யானையை இறக்குவது போலாகும். கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் நீளமும், பத்தில் ஒரு மில்லிமீற்றர் அகலமும் ஆழமும் உள்ள குழாயிலே அடங்கும் காற்றின் எடை ஒரு கிராமின் ஒரு கோடியில் ஒரு பங்கை ஒட்டியது. பத்தில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோக மணியொன்றை, அதாவது வெப்பவிணையின் நுனியை, அதனுள்ளே வைத்தால், குழாயின் காற்று முழுவதையும் ஒரு பாகை சூடேற்ற வேண்டிய வெப்பத்தைப் போலப் பதினைந்து மடங்கு வெப்பத்தை அம்மணி தான் ஒரு பாகை உயர்வதற்கே வாங்கும். குழாயையும் அது அடைத்துவிடும். அளக்க வந்த கருவி, அளக்கப்படும் பொருளை ஆளத் தொடங்கிவிடும். அவ்வேளை கிடைக்கும் எண் கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதன்றி வேறில்லை.

இதற்குப் பரிகாரமாகவே உணரியையும் குழாயையும் ஒன்றாகச் சமைக்கும் முறை எழுந்தது. வானொலிக்கும் கணனிக்கும் வேண்டிய சிலிக்கன் துண்டுகளைச் செதுக்கும் அதே வித்தையால், சிலிக்கனிலே நுண்ணிய குழாய்களைக் குடைந்து, அவற்றின் சுவரிலேயே உணரிகளைப் படியவைத்தனர். 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரி, ஜேர்மன், ஏஞ்சல் என்போர், வாயுக் கலவையைப் பிரித்தறியும் ஆய்வுக்கருவி ஒன்றையே சிலிக்கன் வில்லையொன்றில் அமைத்துக் காட்டினர். உணரியாகப் பயன்படுவது பெரும்பாலும் பிளாற்றினம் போன்ற உலோகத்தின் மெல்லிய படலம். அதன் தடிப்பு ஒரு மைக்குரோமீற்றரில் ஒரு சிறு பங்கே. பிளாற்றினத்தின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் நான்கு பங்கு கூடும். 0 பாகையில் 100 ஓம் உள்ள உணரி 100 பாகையில் 138.5 ஓம் காட்டும். தடையை அளந்தால் வெப்பநிலை புலனாகும். படலம் குழாயை அடைப்பதில்லை. அதன் வெப்பக் கொள்ளளவும் மிகச் சிறிது.

பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை, இடம் மாறிற்று. சுவரிற் படிந்த உணரி சுவரின் வெப்பநிலையையே முதலிற் கூறும். சிலிக்கனோ கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது. குழாயின் ஒரு முனையிலுள்ள வெப்பம் வாயுவோடு செல்லாமல் சுவரின் வழியே மறுமுனைக்கு ஓடிவிடும். அவ்வாறாயின் எல்லா உணரிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்லும். எனவே உணரியின் கீழே சிலிக்கனை அரித்து நீக்கி, ஒரு மைக்குரோமீற்றர் அளவே தடிப்புள்ள மென்றகட்டின்மேல் அதனை அந்தரத்தில் நிறுத்துகின்றனர். அப்போதும், தடையை அளக்கச் செலுத்தும் மின்னோட்டமே உணரியைச் சிறிது சூடாக்கும். சுவருக்கும் வாயுவுக்குமிடையே வெப்பநிலைத் தாவல் நிற்கும். இவ்வொவ்வொன்றையும் கணித்துக் கழித்த பின்னரே வாயுவின் வெப்பநிலை இன்னது என்று கூறும் உரிமை நமக்கு உண்டாகின்றது.

சூடான மெல்லிய கம்பியில் வெப்பம் எவ்வாறு பரவி நிற்கும், அதன் முனைகள் எவ்வளவு வெப்பத்தைக் களவாடும் என்ற கேள்வியை வேறொரு நோக்கில் முன்னரே ஆராய்ந்தவர் நம்மவர் ஒருவர் என்பதைப் பெருமையோடு குறிப்பிடலாம். தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, இராமனோடு சேர்ந்து 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பிற் பங்குகொண்டு, புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநராய் விளங்கிய கே. எஸ். கிருஷ்ணன், ஜெயின் என்பவரோடு 1950களில் வெற்றிடத்தில் மின்னாற் சூடேற்றிய மெல்லிய கோலின் வெப்பநிலைப் பரம்பலை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். கருவியின் முனையில் நிகழும் சிறு கசிவையும் கணக்கில் எடுக்கும் மனப்பான்மை அவ்வாராய்ச்சியில் விளங்குகின்றது. நம் மாணவர் பின்பற்றவேண்டியது அம்மனப்பான்மையையே.

இவ்வளவு நுணுக்கம் யாருக்குப் பயன்படும் என்று கேட்கலாம். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குட் செல்லும் காற்றை அளப்பது இவ்வகை உணரியே. நடுவிலே சூடேற்றி ஒன்று. அதன் இருபுறமும் வெப்ப உணரி ஒவ்வொன்று. காற்று நிலைத்திருக்கும்போது இருபுறமும் ஒரே வெப்பம். காற்று ஓடத் தொடங்கியவுடன் முன்புறத்து உணரி குளிரும். பின்புறத்து உணரி சூடேறும். வேற்றுமையிலிருந்து ஓட்டத்தின் அளவு தெரியும். வைத்தியசாலையிலே மூச்சை அளக்கும் கருவிகளிலும் இத்தத்துவம் பயன்படுகின்றது. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஒருங்கே கூறும் சின்னஞ்சிறு உணரிகள் இன்று கொழும்புக் கடைகளிலே பாடசாலைகளும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன.

இங்கேதான் என் கருத்தை வற்புறுத்த விரும்புகின்றேன். இத்தகைய உணரிகளைப் பத்து வாங்கித் தொழிற்சாலையிலோ ஆய்வுகூடத்திலோ தொங்கவிட்டுவிட்டால் நாம் முன்னேறிவிட்டோம் என்று கருதுவது பேதைமை. ஒளிரும் எழுத்தில் 31.47 என்று காட்டும் கருவி, தசமத்துக்குப் பின்னே இரண்டு இலக்கம் காட்டுவதாலேயே மெய் பேசுவதாக ஆகிவிடாது. பழைய கண்ணாடி வெப்பமானியின் பொய்யாவது கண்ணுக்குத் தெரிந்தது. துணி அழுக்கானதை எவரும் பார்க்கலாம். புதிய உணரியின் பொய் உள்ளே மறைந்திருப்பது. ஆதலின், கருவி நுண்ணிதாக ஆக, ஐயமும் நுண்ணிதாக வேண்டும்.

இதற்கு மாறாகச் சிலர், தேயிலைக்குக் கருவி எதற்கு, அனுபவமுள்ளவர் கொழுந்தைக் கையிற் பிடித்தும் மோந்தும் சொல்லிவிடுவாரே என்பர். அவர் சொல்வது மெய். அக்கையையும் மூக்கையும் நான் பெரிதும் மதிக்கின்றேன். ஆனால் அவ்வறிவு அவரோடு ஓய்வுபெற்றுப் போய்விடுகின்றது. அடுத்தவருக்குக் கொடுக்கவும், தவறு நேர்ந்தபோது காரணம் காணவும் எண் வேண்டும். கையறிவோடு எண்ணறிவு சேர்ந்த இடத்திலேதான் தொழில் கல்வியாக உயர்கின்றது. நம் மாவட்டத்திலேயே தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தோன்றியதற்கும் இத்தேவையே காரணம்.

இதில் வேறொரு நியாயமும் உண்டு. மலைநாட்டுத் தமிழர் இங்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் நம் மக்கள் கொழுந்தைப் பறித்தனர், வாட்டினர், உலர்த்தினர். அளவுகருவியோ பெரும்பாலும் பிறர் கையிலிருந்தது. தராசில் நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் எடையைக் கழிப்பது தோட்டங்களில் நெடுநாளைய வழக்கு. அந்த ஈரம் அளந்து கண்டதா, மதித்துச் சொன்னதா என்று கேட்கும் அறிவு பறித்தவருக்கு இல்லாதவரை, சொன்ன எண்ணே சட்டமாகும். அளவின் இலக்கணத்தை அறிந்தவன் மரியாதையோடும் உறுதியோடும் கேட்பான்: இது எவ்வாறு அளக்கப்பட்டது? எங்கே அளக்கப்பட்டது? எவ்வளவு பிழை இருக்கக்கூடும்? இக்கேள்விகளைக் கேட்கக் கற்ற பிள்ளை, ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் ஏமாறான்.

ஆகவே, யூபிலி காணும் இவ்வேளையில் கல்லூரிக்கு மூன்று சிறு காரியங்களை முன்வைக்கின்றேன். பெருஞ்செலவு எதற்கும் இல்லை.

முதலாவது, ஆய்வுகூடத்திலுள்ள ஒவ்வொரு வெப்பமானியையும் உணரியையும் மாணவரே சோதித்து, அதன் பிழையை அதன்மேல் எழுதி ஒட்டவேண்டும். உருகும் பனிக்கட்டியும் கொதிக்கும் நீரும் போதும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: பாடநூலிலுள்ள 100 பாகை கடல்மட்டத்துக்கு உரியது. இறம்பொடையின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 97 பாகையிலும், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதிக்கும். கொதிநீரில் வைத்து 100 என்று குறித்துக்கொள்ளும் மலைநாட்டு மாணவன், தன் சொந்த மலையை மறந்தவனாவான்.

இரண்டாவது, ஒரே இடத்தின் வெப்பநிலையை மூன்று கருவிகளால் அளந்து, அவை ஏன் வேறுபடுகின்றன என்று எழுதும் பயிற்சி ஒன்று ஆண்டுதோறும் நடைபெறவேண்டும். சரியான விடைக்கன்று, வேற்றுமைக்குக் காட்டும் காரணத்துக்கே புள்ளி வழங்கவேண்டும். அருவியின் தலையும் அடியும் அதற்கு ஏற்ற ஆய்வுகூடம். அந்தக் கால் பாகை அங்கே காத்திருக்கின்றது. பாறை வழுக்குமாதலால் ஆசிரியர் துணையின்றி ஒருவரும் இறங்கலாகாது என்பதையும் சொல்லிவைக்கின்றேன்.

மூன்றாவது, பழைய மாணவர்களாகிய நம் கடமை. தொழிற்சாலைகளிலும், பல்கலைக்கழகங்களிலும், கடல்கடந்த நாடுகளிலும் கருவிகளோடு பழகும் நம்மவர் பலர் உளர். மண்டபத்துக்குக் கதிரை வாங்கிக் கொடுப்பது நற்செயல். அதனோடு ஆண்டில் ஒரு நாள் வந்திருந்து, தாம் பழகும் கருவி எவ்வாறு பிழைபடும் என்பதை மாணவருக்கு எடுத்துக் கூறுவது அதனிலும் நற்செயல். கருவியின் பெருமையைச் சொல்ல விற்பனையாளர் இருக்கின்றனர். அதன் குறையைச் சொல்லப் பழகியவரே வேண்டும்.

சிலிக்கனைக் குடையும் தூய அறைகளை நாம் இன்றே கட்டிவிட முடியாது. 2008இல் நிறுவப்பெற்று, இன்று ஹோமாகமவில் இயங்கும் நனோ தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களுக்கு நம் பிள்ளைகள் நாளை செல்லவேண்டும் என்பது நம் அவா. செல்பவர், விலையுயர்ந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவராக மட்டும் செல்லலாகாது. கையிலுள்ள எண்ணைப் பார்த்து, இஃது யாருடைய வெப்பநிலை என்று கேட்கும் பழக்கம் உடையவராகச் செல்லவேண்டும். அப்பழக்கத்தைத் தருவதற்கு ஒரு வெப்பமானியும், ஒரு துண்டு ஈரத் துணியும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். அவை மூன்றும் இங்கே உண்டு.